தேதி இல்லாத புத்தகத்துக்கு வயது சொல்வது எப்படி?

கேள்வி இதுதான்: பிரிஸ்பேனுக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. தர்ம அமைப்பு ஒன்று நடத்தும் பழைய சாமான் கடையில், இங்கே சொல்கிற ஆப் ஷாப்பில், இருபது டாலருக்கு ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஃபேண்டம் காமிக்ஸ் இதழ்கள் முப்பது சொச்சம், தேதியே போடாத கறுப்பு வெள்ளைக் காமிக்ஸ் ஐந்து, மெர்சியே என்று கையெழுத்திட்ட ஒரு கேலிச்சித்திரத் தொகுப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலிருந்து கிழித்தெடுத்த வண்ணத் தாள்கள் கொஞ்சம். எது மதிப்புள்ளது? வயதை எப்படிக் கணிப்பது? வரைந்தவர்களைப் பற்றி எங்கே தேடுவது? இதையே தொடர்ந்து சேகரிக்கலாமா?

சிட்னியில் இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பழுப்புத் தாள்களின் பின்னால் அலைகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஃபேண்டத்தை முதலில் எழுதி, கிழித்த தாள்களைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குவேன்.

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் ட்ரோவ் என்ற இணையதளத்தில் பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக ஏற்றி வைத்திருக்கிறது. பெரும்பாலானவை 1954 வரைக்குமானவை. பைசா செலவில்லாமல் வீட்டிலிருந்தே புரட்டலாம். ஆனால் அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தவை. மைக்ரோஃபிலிம் கறுப்பு வெள்ளை. ஞாயிறு இணைப்பில் செக்கச்செவேல் என்று வந்த தலைமுடி அங்கே சாம்பல் நிறத் திட்டாக நிற்கும். அதாவது கதை நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது, நிறம் மட்டும் உங்கள் பெட்டி மாதிரியான பெட்டிகளில்தான் மிச்சம். அந்தத் தாள்களை யாரோ ஒரு பிள்ளை எண்பது வருஷத்துக்கு முன்னால் ஆசைப்பட்டுக் கிழித்து வைத்தது. அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லுங்கள்.

அந்தத் தாள்களில் செம்பட்டை முடியோடு, கறுப்பு வெயிஸ்ட்கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பையன் இருந்தால் அவன் ஜிஞ்சர் மெக்ஸ். ஜிம்மி பாங்க்ஸ் வரைந்தது. 1921 நவம்பர் 13 அன்று சிட்னி சன் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில், சன்பீம்ஸ் என்ற சிறுவர் பகுதியில், 'அஸ் ஃபெல்லர்ஸ்' என்ற தலைப்பில் தொடங்கியது. பள்ளிக்கு மட்டம் போடுவது, அடுத்த தெரு டைகர் கெல்லியிடம் அடி வாங்குவது, மின்னி பீட்டர்ஸ் முன்னால் வழிவது, கடைசிக் கட்டத்தில் அப்பாவிடம் மாட்டிக்கொள்வது. கதை இவ்வளவுதான். பாங்க்ஸ் இறந்த பிறகும் வேறு கைகள் வரைந்து வரைந்து நூறு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

இந்தத் தாளை வைத்தே ஒரு தேதிப் பாடம் உண்டு. பாங்க்ஸ் 1949-இல் பத்திரிகை நிறுவனத்தோடு பத்து வருஷ ஒப்பந்தம் போட்டார். காமிக்ஸ் பகுதியின் முதல் பக்கத்தில் தன் படம்தான் முழுப்பக்கமாக வர வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. 1951 பிப்ரவரியில் காகிதத் தட்டுப்பாடு. மூன்று வாரம் தொடர்ந்து ஜிஞ்சர் மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டான். பாங்க்ஸ் ஒப்பந்தம் முறிந்தது என்று சொல்லிவிட்டு வெளியேறினார். வழக்கு ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் பக்கம் என்பது அலங்காரச் சொல் இல்லை, ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று தீர்ப்பு வந்தது. இங்கே சட்டம் படிக்கிறவர்கள் ஒப்பந்தச் சட்டத்தில் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள். ஒரு பொடியன் எந்தப் பக்கத்தில் நிற்பது என்பதற்கு உச்ச நீதிமன்றம்! நமக்கு இதில் லாபம் என்னவென்றால், பாங்க்ஸ் அதன்பின் சண்டே டெலிகிராஃபுக்குப் போய்விட்டார். உங்கள் தாள் சன் பத்திரிகையுடையது என்றால் 1951-க்குப் பிற்பட்ட பாங்க்ஸ் படமாக இருக்க முடியாது. 1952 ஜூலை 1 அன்று அவர் காலமானார். டெலிகிராஃப் தாளில் அவர் கைபட்டவை அந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான்.

தாளைத் திருப்பிப் பார்க்கவும் மறக்காதீர்கள். பின்பக்கத்து விளம்பரம், சினிமா அறிவிப்பு, குதிரைப் பந்தய முடிவு எல்லாமே தேதி சொல்லும். அந்த வரியை அப்படியே ட்ரோவில் தட்டினால் பல சமயம் பக்கமே வந்து நிற்கும்.

இப்போது தேதியில்லாத ஐந்து புத்தகங்கள். உங்கள் கேள்வியில் எனக்கு நாவூறியது இதற்குத்தான்.

ஏன் தேதி போடவில்லை என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1940-இல், போர்க்காலத்தில் டாலர் வெளியே போகாமல் காக்க, அமெரிக்கக் காமிக்ஸ்களும் மலிவு இதழ்களும் இறக்குமதியாவதை ஆஸ்திரேலிய அரசு நிறுத்தியது. கடைகளில் திடீரென்று ஒரு வெற்றிடம். சிட்னியில் இருந்த சின்னப் பதிப்பாளர்கள் அதை நிரப்ப ஓடினார்கள். ஆனால் காகிதக் கட்டுப்பாட்டில் இன்னொரு முடிச்சு: புதிதாகத் தொடர் இதழ் எதுவும் தொடங்கக் கூடாது. அதனால் ஒவ்வோர் இதழையும் தனிப் புத்தகம் போலக் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு தலைப்பு. இதழ் எண் கிடையாது, மாதம் கிடையாது. கிடைத்த தாளில் அடித்ததால் அளவும் ஒன்றோடொன்று ஒட்டாது. சட்டத்துக்குப் பயந்து விட்ட இடைவெளி, எண்பது வருஷம் கழித்து நம் தலைவலி. போர் முடிந்த பிறகும் தடை நீடித்தது, ஆனால் பதிப்பாளர்கள் அமெரிக்கக் கதைகளுக்கு உரிமை வாங்கி இங்கேயே அச்சடிக்க ஆரம்பித்தார்கள். கே.ஜி. மர்ரே நிறுவனம் 1947-இல் சூப்பர்மேனைக் கொண்டுவந்தது அப்படித்தான். செலவைக் குறைக்கப் பல புத்தகங்களில் உள்பக்கம் கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் வண்ணம். அந்தக் காலத்துப் புத்தகத்தில் உள்ளே அமெரிக்கர், அட்டையில் உள்ளூர்க்காரர் என்ற கலப்பு சகஜம். ஆகவே அட்டையை வைத்து உள்ளே இருப்பவரைத் தீர்மானிக்காதீர்கள்.

வயது கணிப்பதற்குப் படத்தைவிட விலைதான் நம்பகமான சாட்சி. டி என்று போட்டிருந்தால் அது பென்னி. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங். ஆஸ்திரேலியா 1966 பிப்ரவரி 14 அன்று டாலர், சென்டுக்கு மாறியது. நியூசிலாந்து 1967 ஜூலை 10 அன்று மாறியது. இங்கே அச்சான புத்தகங்கள் பல நியூசிலாந்திலும் விற்றன, அதனால் அட்டையில் இரண்டு விலை இருக்கும். போன வருஷம் ஒரு காமிக்ஸ் கைக்கு வந்தது. கௌபாய் ஒருவன் அட்டையில் குதிரையோடு பாய்கிறான், தேதி எங்கேயும் இல்லை. பூதக்கண்ணாடியை வைத்து மூலையைப் பார்த்தேன். ஆஸ்திரேலிய விலை சென்டில், அதற்குக் கீழே நியூசிலாந்து விலை ஷில்லிங்கில். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. ஒரு நாடு மாறி, மற்ற நாடு மாறாத அந்தப் பதினேழு மாதத்துக்குள்தான் அந்தப் புத்தகம் பிறந்திருக்க முடியும். பின்னட்டைக்குள் பதிப்பாளர் முகவரி இருந்தது, ஊர்ப் பெயருக்குப் பிறகு நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இல்லை. அந்தக் குறியீடு ஆஸ்திரேலியாவில் 1967-இல் வந்தது. அதுவும் கணக்குக்கு ஒத்துப்போனது. படத்தை நான் அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

உங்கள் ஐந்திலும் இதையே செய்யுங்கள். விலை, முகவரி, அச்சகத்தின் பெயர், அஞ்சலகப் பதிவைச் சொல்லும் வாசகம், பின்னட்டை விளம்பரம். விளம்பரத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வந்தால் 1956-க்கு அப்புறம், ஏனென்றால் சிட்னியிலும் மெல்போர்னிலும் ஒளிபரப்பு அப்போதுதான் தொடங்கியது. தொலைக்காட்சி வந்தது, 1960-ஐ ஒட்டி இறக்குமதித் தடையும் போனது, இரண்டும் சேர்ந்து உள்ளூர்க் காமிக்ஸின் கழுத்தைப் பிடித்தன. பத்துப் பதினைந்து வருஷம் ஓஹோ என்று ஓடிய தொழில் சில வருஷத்தில் சுருண்டது.

இந்தப் புத்தகங்கள் அரிதாக இருப்பதற்கு இன்னொரு காரணம், பெரியவர்களின் கோபம். நீங்கள் இருக்கும் குயின்ஸ்லாந்திலேயே 1954-இல் ஆட்சேபகரமான இலக்கியச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, மதிப்பாய்வுக் குழு அமைத்துக் காமிக்ஸ்களைத் தடை செய்தார்கள். 1956-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குழுவுக்குக் குட்டு வைத்தது. அதே 1954-இல் நியூசிலாந்தில் மசெங்கார்ப் குழுவின் அறிக்கை வந்தது. பிள்ளைகள் கெட்டுப்போவதற்கான காரணப் பட்டியலில் காமிக்ஸும் உண்டு. அறிக்கையைச் சுமார் 3,00,000 வீடுகளுக்கு அரசே அனுப்பியது. கட்டிலுக்கடியில் கிடந்த புத்தகங்கள் எல்லாம் அடுப்புக்குப் போன காலம் அது. முத்து காமிக்ஸை வீட்டுப்பாட நோட்டுக்குள் ஒளித்துப் படித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வரைந்தவர்கள் யார் என்று கேட்டீர்கள். அந்தக் காலத்துச் சிட்னியில் காமிக்ஸ் வரைந்த ஒருவரை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள், பெயர் தெரியாமல். ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்ட் படித்தீர்களா? நிழல் கனத்த முகங்கள், சாய்ந்த கட்டங்கள், எந்நேரமும் வியர்க்கிற மாதிரியான ஒரு பதற்றம். அவற்றில் பல யாரோஸ்லாவ் ஹோராக் வரைந்தவை. மஞ்சூரியாவின் ஹார்பினில் பிறந்து, சிறுவயதில் ஆஸ்திரேலியா வந்து, இங்கே சிட்னிப் பதிப்பாளர்களுக்கு 'ஜெட் ஃப்யூரி', 'தி மாஸ்க்' என்று மலிவுக் காமிக்ஸ் வரைந்து பழகியவர். தொழில் படுத்ததும் லண்டனுக்குப் போனார். 1966 முதல் டெய்லி எக்ஸ்பிரஸில் பாண்ட். அந்தப் படங்கள்தான் சுற்றிச் சுற்றித் தமிழ் பேசிக்கொண்டு நம் பெட்டிக்கடை வாசலில் தொங்கின. எனக்கு இந்த விஷயம் தெரிந்த அன்று, ஆஸ்திரேலியக் காமிக்ஸ் அடுத்த வீட்டுச் சமாச்சாரமாகிவிட்டது.

ஸ்டான்லி பிட் வேறு ரகம். 1946-இல் சிட்னி ஞாயிறு பத்திரிகையில் 'சில்வர் ஸ்டார்' என்ற விண்வெளிக் கதை வரைந்தார். அமெரிக்கர் அலெக்ஸ் ரேமண்டின் சாயல் அப்பட்டமாகத் தெரியும், ஆனால் தூரிகைக் கோடு அவ்வளவு சுத்தம். 1971-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் அவர் வரைந்த புதுக்கதை வந்தது. அப்படி வந்த முதல் ஆஸ்திரேலியர் என்று அவரைச் சொல்வது வழக்கம். ஜான் டிக்ஸன் 'கிரிம்ஸன் காமெட்', 'டிம் வேலர்' என்று தொடங்கி, 1959-இல் 'ஏர் ஹாக்' என்ற பறக்கும் மருத்துவர் கதையைப் பத்திரிகைகளில் கொண்டுவந்து 1986 வரை ஓட்டினார். விமானங்களை அவர் வரைந்தால் திருகாணி வரைக்கும் சரியாக இருக்கும். கேத்லீன் ஓ'பிரையன் 1943-இல் 'போர்ப் பெண் வாண்டா'வை வரைந்தார். பெண் ஓவியர்கள் புத்தகங்கள் இன்றும் மலிவு, காரணம் தேடுகிறவர்கள் குறைவு. காசு குறைவாக இருக்கிற புது சேகரிப்பாளருக்கு நான் முதலில் கைகாட்டுவது அந்தப் பக்கம்தான்.

ஃபேண்டத்துக்கு வருகிறேன். நம்மூரில் வேதாளர், மாயாவி என்றெல்லாம் பெயர் வாங்கிய அதே ஆசாமி. இங்கே அவர் 1936-இலேயே ஆஸ்திரேலியன் உமன்ஸ் மிரர் இதழில் நுழைந்துவிட்டார். 1948 செப்டம்பர் 9 அன்று ஃப்ரூ நிறுவனம் தனி இதழ் போட்டது. ஃபோர்சித், ரிச்சர்ட்ஸன், ஐஸன், வாட்ஸன் என்ற நாலு பேரின் முதலெழுத்துகளைக் கோத்ததுதான் ஃப்ரூ. இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. பிறந்த நாட்டில் அவ்வளவாகச் செல்வாக்கில்லாத ஒரு கதாநாயகன் இங்கே இப்படி வேரூன்றியது தனிக்கதை. ஆனால் சேகரிப்பு என்று பார்த்தால் இது நெரிசலான சந்து. ஆளாளுக்குப் பட்டியல் வைத்துக்கொண்டு விடுபட்ட எண்ணைத் தேடுகிறார்கள். 1970-களுக்குப் பிறகு வந்தவை ஏராளமாகக் கிடக்கின்றன, உங்கள் முப்பதும் அவற்றில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். படியுங்கள், மாற்றிக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: முதல் இதழ் என்று யாராவது ஆசை காட்டினால் நிதானியுங்கள். ஃப்ரூவே பழைய இதழ்களை அச்சு அசலாக மறுபதிப்புச் செய்திருக்கிறது. ஒரு விற்பனையாளரிடம் நான் அப்படி ஒன்றை அசல் என்று நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து மோந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. எழுபது வருஷத்து நியூஸ்பிரின்ட் வாசனை எப்படி இருக்கும் என்று மூக்குக்குத் தெரியும், கண்ணைத்தான் ஏமாற்ற முடியும்.

மெர்சியே தொகுப்பைக் கொடுத்துவிடாதீர்கள். எமீல் மெர்சியே நியூ கலிடோனியாவில் பிறந்தவர், சிட்னி சன் பத்திரிகையில் தினசரி கேலிச்சித்திரம் போட்டவர். அவர் படத்தில் நகைச்சுவை வரி கீழே இருக்கும், ஆனால் சிரிப்பு மூலைகளில் இருக்கும். சுவரில், டப்பாவில், கடைப் பலகையில், சம்பந்தமே இல்லாமல் 'கிரேவி' என்று எழுதி வைப்பார். ஏன் என்று அர்த்தம் தேட வேண்டாம். ஒரு படத்தில் எத்தனை கிரேவி என்று எண்ணுவது என் வீட்டில் பிள்ளைகளுக்கு விளையாட்டு. போர்க்காலத்தில் 'சூப்பா டூப்பா மேன்' என்று சூப்பர்மேனையும், 'மட்ரேக்' என்று மாண்ட்ரேக்கையும் கிண்டலடித்துக் காமிக்ஸும் போட்டார். அவை அகப்பட்டால் விலை கொஞ்சம் கூடுதலானாலும் எடுக்கலாம்.

மெர்சியேவுக்கு முந்தைய தலைமுறையின் கூடாரம் ஸ்மித்ஸ் வீக்லி. 1919 முதல் 1950 வரை வந்த வாரப் பத்திரிகை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் செல்லம். அதில் 1933 ஜூலை 29 அன்று ஸ்டான் கிராஸ் வரைந்த ஒரு படம், இந்த நாட்டின் ஆகப் பிரபலமான கேலிச்சித்திரம். கட்டுமானத்தில் இருக்கும் உயரக் கட்டடம். இரும்பு உத்தரத்தைக் கைகளால் பற்றித் தொங்குகிறான் ஒருவன். அவன் கால்சட்டையைப் பிடித்துக் கீழே தொங்குகிறான் இன்னொருவன். கால்சட்டை கணுக்கால் வரை உருவிவிட்டது. கீழே அதலபாதாளம். உயிர் ஊசலாடும் அந்த நேரத்தில் கீழே தொங்குகிறவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலே இருப்பவன் கெஞ்சுகிறான்: "அட கடவுளே, சிரிக்காதேடா, இது விளையாட்டில்லை!" பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் கிடந்த ஊர், தன்னையே அந்த இரண்டு பேரில் பார்த்திருக்கும். படத்தைத் தனியாக அச்சடித்து விற்கும் அளவுக்குக் கேட்டு வாங்கினார்கள். ஆஸ்திரேலிய கார்ட்டூனிஸ்ட் சங்கம் ஆண்டுதோறும் கொடுக்கும் ஸ்டான்லி விருதுகள் இவர் பெயரில்தான். அந்தச் சங்கத்தின் வேர் 1924 வரை போகிறது.

ஸ்மித்ஸ் வீக்லி ஓவியர்களின் அசல் படங்கள் எப்போதாவது ஏலத்துக்கு வரும். அசலா, அச்சுப் பிரதியா என்று பார்க்க எளிய வழி சாய்த்துப் பிடிப்பது. அசலில் இந்திய மை கொஞ்சம் மினுங்கும், பென்சில் அடிக்கோடு மிச்சமிருக்கும், தவறை மறைத்த வெள்ளைப் பூச்சு தடித்துத் தெரியும். சில இடங்களில் வெளிர்நீலம் பூசியிருப்பார்கள். அது ஓவியம் கெட்டுப்போனதல்ல, "இங்கே புள்ளி நிழல் போடு" என்று அச்சுத் தகடு செய்பவருக்கு ஓவியர் விட்ட குறிப்பு. ஓரத்தில் "நான்கு பத்தி அகலம்" என்கிற மாதிரி அளவுக் குறிப்பும் இருக்கும். அந்த அழுக்குகள்தான் அசலுக்கு அத்தாட்சி.

இன்னும் பின்னால் போனால் 1880-இல் சிட்னியில் தொடங்கிய தி புல்லட்டின். ஹாப் என்று கையெழுத்திட்ட லிவிங்ஸ்டன் ஹாப்கின்ஸை அமெரிக்காவிலிருந்தும், ஃபில் மேயை இங்கிலாந்திலிருந்தும் கொண்டுவந்து வரைய வைத்த பத்திரிகை. நார்மன் லின்ட்சே அதில்தான் பல பத்தாண்டுகள் வரைந்தார். கோடு என்று பார்த்தால் தங்கச் சுரங்கம், கருத்து என்று பார்த்தால் நஞ்சு. ஃபில் மே 1886-இல் வரைந்த மங்கோலிய ஆக்டோபஸ் படத்தில் சீனக் குடியேறி எட்டுக் கையோடு ஊரை விழுங்குகிறான். பத்திரிகையின் முகப்பிலேயே ஆஸ்திரேலியா வெள்ளையனுக்கே என்ற வாசகம் பல பத்தாண்டுகள் இருந்தது. 1960-இல்தான் எடுத்தார்கள். என்னிடமும் புல்லட்டின் கட்டு ஒன்று இருக்கிறது. சில பக்கங்களைப் புரட்டும்போது இவர்கள் நம்மை எப்படி வரைந்திருப்பார்கள் என்ற எண்ணம் வராமல் இருக்காது. அதற்காக நான் வாங்குவதை நிறுத்தவில்லை. மறைத்தும் வைப்பதில்லை.

அந்தப் பட்டறையிலிருந்து போன இரண்டு பேர் உலகத்துக்கே தெரிந்தவர்கள். ஒருவர் பல்லாராட் பக்கத்துக்காரர் வில் டைசன். 1919 மே மாதம் லண்டன் டெய்லி ஹெரால்டில் அவர் வரைந்த படத்தில், வெர்சேல்ஸ் சமாதானப் பேச்சு முடிந்து தலைவர்கள் வெளியே வருகிறார்கள். தூணுக்குப் பின்னால் ஒரு குழந்தை அம்மணமாக நின்று அழுகிறது. குழந்தையின் தலைக்கு மேல் "1940 வகுப்பு" என்று எழுதியிருக்கிறது. 1940-இல் படைக்கு அழைக்கப்படும் வயதை எட்டும் பிள்ளை என்று அர்த்தம். வருஷத்தைப் பாருங்கள். அடுத்த போரை அவ்வளவு நெருக்கமாகக் குறி வைத்த கேலிச்சித்திரம் வேறு எனக்குத் தெரியாது. மற்றவர் டேவிட் லோ. நியூசிலாந்தின் டனீடினில் 1891-இல் பிறந்து, 1911-இல் புல்லட்டினில் சேர்ந்து, பிரதமர் பில்லி ஹியூஸை வறுத்தெடுத்த படங்களை 1918-இல் புத்தகமாகப் போட்டு, அடுத்த வருஷம் லண்டனுக்குக் கப்பல் ஏறியவர். ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்துப் பிணத்தின் மேல் குனிந்து ஒருவருக்கொருவர் தொப்பி தூக்கி வணக்கம் சொல்லும் 1939-ஆம் வருஷப் படம் அவருடையது. அவர் படங்கள் அந்தக் காலத்தில் தி ஹிந்துவில் அவ்வப்போது வந்தன. மைசூரில் அதைப் பார்த்து வளர்ந்த ஆர்.கே. லக்ஷ்மண், அந்தக் கையெழுத்தை ரொம்ப நாள் 'கௌ', அதாவது பசு, என்றே படித்துக்கொண்டிருந்தாராம். ஆங்கிலத்தில் அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் படிப்பீர்கள்.

நியூசிலாந்தைத் தனியாகச் சேகரிப்பதானால் கவனம் வேண்டும், அங்கே காமிக்ஸ் புத்தகம் குறைவு, பத்திரிகைக் கேலிச்சித்திரம் அதிகம். கோர்டன் மின்ஹினிக் 1930 முதல் நியூசிலாந்து ஹெரால்டில் பல பத்தாண்டுகள் வரைந்தார். அவர் தொகுப்புகள் ஆக்லாந்துப் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். 1976-இல் வெலிங்டனின் ஈவ்னிங் போஸ்டில் மரே பால் தொடங்கிய 'ஃபுட்ராட் ஃபிளாட்ஸ்' வேறு உலகம். ஒரு பண்ணை, வால் என்ற விவசாயி, அவனுடைய நாய். நாய்க்குப் பெயர் உண்டு, ஆனால் கடைசிவரை நமக்குச் சொல்ல மாட்டார்கள், யாராவது சொல்ல வந்தால் நாயே தடுத்துவிடும். எண் போட்ட தொகுப்புகள் பிரிஸ்பேன் ஆப் ஷாப்களிலேயே சில்லறைக் காசுக்குக் கிடக்கின்றன. பிள்ளைகளோடு தொடங்க அதைவிட நல்லது இல்லை.

ஆராய்ச்சிக்கு எங்கே போவது? ட்ரோவ் சொன்னேன். நியூசிலாந்துக்கு அதே மாதிரி பேப்பர்ஸ் பாஸ்ட். இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு, எந்திரம் எழுத்தைப் படிக்கும், படத்தைப் படிக்காது. பேச்சுக் குமிழிக்குள் கையால் எழுதிய எழுத்தைக் கண்டபடி உளறி வைத்திருக்கும். ஓவியர் பெயரைத் தேடினால் படம் வராது, பக்கத்துச் செய்திதான் வரும். ஆகவே தொடரின் அச்சுத் தலைப்பு, அந்தச் சிறுவர் பகுதியின் பெயர் இவற்றைத் தேடுங்கள். ஒரு வாரத்துப் பக்க எண் தெரிந்துவிட்டால் மற்ற வாரங்களில் அதே பக்கத்துக்கு நேராகப் போய்விடலாம். ட்ரோவில் அந்த உளறலை நீங்களே திருத்தலாம். நான் டீ குடிக்கும் நேரத்தில் செய்கிற வேலை அதுதான்.

காமிக்ஸ் புத்தகங்களுக்கு எல்லோருக்கும் மூலநூல் ஜான் ரயன் 1979-இல் வெளியிட்ட 'பேனல் பை பேனல்'. அதே வருஷம் அவர் இறந்துவிட்டார். இன்று நாம் சொல்கிற கதையின் எலும்புக்கூடு அவர் கட்டியது. மறுபதிப்புகளைப் பொருத்திப் பார்க்க ஆஸ்ரீப்ரிண்ட்ஸ் என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது. எந்த அமெரிக்கக் கதை எந்த ஆஸ்திரேலிய இதழில் வந்தது என்பதைக் காட்டும். ஓவியர் வாழ்க்கைக் குறிப்புக்கு ஆஸ்திரேலிய வாழ்க்கை வரலாற்று அகராதி. வெலிங்டனில் அலெக்ஸாண்டர் டர்ன்புல் நூலகத்தில் 1992 முதல் கார்ட்டூனுக்கென்றே ஆவணக் காப்பகம். சாலை வழியாக சிட்னிப் பக்கம் வந்தால் காஃப்ஸ் ஹார்பரில் இறங்குங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால பதுங்கறை ஒன்றைக் கேலிச்சித்திரக் கூடமாக்கி வைத்திருக்கிறார்கள்.

படங்களை எடுத்து எங்காவது போட எண்ணமிருந்தால் பதிப்புரிமையைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 1955-க்கு முன் இறந்த ஓவியர்களின் படங்கள் பொதுச்சொத்து, பாங்க்ஸ் அதில் அடக்கம். மே கிப்ஸ் 1924 முதல் 1967 வரை வரைந்த 'பிப் அண்ட் பப்' அப்படியல்ல. அவர் 1969-இல் இறந்தார், உரிமையை அறக்கட்டளைகளுக்கு எழுதிவைத்தார். அந்தக் காசு இன்றும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் போகிறது. அதில் கைவைக்காதீர்கள்.

பாதுகாப்பில் நான் செய்த பாவத்தை நீங்கள் செய்யாதீர்கள். முதன்முதலில் கிடைத்த சன்பீம்ஸ் வண்ணத் தாளை அருமை என்று நினைத்து லாமினேஷன் போட்டுவிட்டேன். அமிலத்தையும் சேர்த்து உள்ளே பூட்டியாயிற்று. ஐந்தே வருஷத்தில் மஞ்சள் பழுப்பாகி, ஓரம் அப்பளமாகிவிட்டது. பிரிக்கவும் முடியாது. அந்தத் தாளை எறியாமல் மேஜைக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறேன், கண்ணில் படட்டும் என்று. பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, படுக்கை வசமாக இருட்டில் வைப்பது, இவ்வளவு போதும். செலோடேப் கூடவே கூடாது. பிரிஸ்பேன் ஈரப்பதத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ராமபாணப் பூச்சி அந்த ஊரில் நம்மூரைவிட மோசம். ஸ்டேப்பிள் துருப்பிடித்திருந்தால் பிடுங்காதீர்கள், நடுப்பக்கம் கையோடு வந்துவிடும்.

தொடரலாமா என்று கேட்டீர்கள். தொடருங்கள், ஆனால் எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியைப் பார்த்தால் அது மெர்சியேவாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. இப்போதைக்கு அந்த ஐந்து புத்தகத்தின் முன்னட்டை விலை மூலையையும் கடைசிப் பக்கத்தின் அடி வரியையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். அட்டைப் படம் வேண்டாம், அதை நான் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன்.